எட்டு வயசு ஆயிடுச்சு

ஆக்கர் பிளாட், யூட்டா
14 செப்டம்பர் 1987

என் பிரியமான நேடின் அக்காவுக்கு,

தங்கை டார்லா எழுதுவது. தேவகிருபையால் நான், என் வீட்டுக்காரர் ராய்ஸ், குட்டி மகள் டெஸ்ஸா மூவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். உன் முட்டிவலியும் ஹார்லன் அத்தானின் ரத்த அழுத்தமும் எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுது.

சபைக்கு இடம் கிடைத்துவிட்டது. போன வருஷம் வரை டயர் கடையாக இருந்த கட்டடம். எத்தனை தரம் கழுவினாலும் ரப்பர் வாடை போவேனா என்கிறது. ராய்ஸ் தன் கையாலேயே வெள்ளையடித்து, 'கிருபை பாப்டிஸ்ட் சபை' என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறார். 'பாப்டிஸ்ட்' கொஞ்சம் கோணல். நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஊர் முழுக்க மார்மன்கள்தான் அக்கா, இயேசு பேரைச் சொன்னாலும் உபதேசமே வேறு. மேயர், தபால்காரர், டெஸ்ஸாவின் டீச்சர், எல்லாரும் ஒரே சபை. பக்கத்து வீட்டு சோரன்சன் குடும்பம் வான்கோழிப் பண்ணை வைத்திருக்கிறது. நாங்கள் சாமான் இறக்கி முடிப்பதற்குள் அந்த அம்மா லவோன், சூடான ரொட்டியும் பீச் ஜாமுமாக வந்து நின்றாள். "வாங்க சகோதரி, என்ன வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க" என்றாள். அவள் பிள்ளைகள் எங்கள் பியானோவைக் கீறல் விழாமல் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவர்களை இரட்சிப்புக்குள் நடத்த வந்தவர்கள் நாங்கள்! எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

முதல் ஞாயிறு நடந்த கூத்தைக் கேள். நம் ஊர் வழக்கப்படி ஒரு பெரிய கெட்டில் காபி போட்டு, வாசலில் 'இலவச காபி, எல்லோரும் வருக' என்று எழுதி வைத்தேன். ஜனங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். இவர்கள் மதத்தில் காபி ஆகாதாம்! ராய்ஸ் இரண்டு வருஷம் இவர்கள் உபதேசத்தைப் புத்தகம் புத்தகமாகப் படித்தவர். காபி மட்டும் ஞாபகம் வரவில்லை. பெட்ரோல் பங்குக்காரர் சொன்னார்: "பாஸ்டர், நீங்க சாராயம் வச்சிருந்தாக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாங்க. அதுதான் ஊர்ல கெடைக்காதே, என்னன்னே தெரிஞ்சிருக்காது."

சுரங்க வேலைக்கு வந்த டெக்சாஸ் தம்பதி மட்டும் ஆராதனைக்கு வந்தார்கள். கெட்டிலையும் காலி செய்தார்கள். ஐந்து பேரோடு ஒரு சபை தொடங்கிவிட்டது, தோத்திரம்.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளும்படி கேட்கும்,
உன் தங்கை டார்லா


ஹார்ட்லி, ஆர்கன்சா
2 அக்டோபர் 1987

அடி டார்லா,

இங்கே எல்லோரும் சுகம். முட்டி என்னை விட்டாலும் நான் முட்டியை விடுவதாக இல்லை.

உன் கடிதத்தை அத்தான் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்துவிட்டார். உங்களை அங்கே அனுப்பிய மிஷன் கமிட்டித் தலைவர் அல்லவா, அவருக்கு அது உரிமை. காபி கதைக்குக் கூரை அதிரச் சிரித்தார்கள். இனி நீ எழுதுவதெல்லாம் சபை நடுவே வாசிக்கப்படும், பார்த்து எழுது. பலகை கோணல் என்பதும் போய்ச் சேர்ந்துவிட்டது, நான் என்ன செய்ய!

ராய்ஸ் நன்றாகச் சாப்பிடுகிறாரா? மனசு கொஞ்சம் வாடினால் முதலில் தட்டைத்தான் தள்ளிவைப்பார், எனக்குத் தெரியாதா. டெஸ்ஸாவுக்குப் பெரியம்மாவின் முத்தங்கள்.

அன்புள்ள அக்கா,
நேடின்


ஆக்கர் பிளாட்
9 நவம்பர் 1987

அன்பு அக்காவுக்கும், அத்தானுக்கும், சபையார் எல்லோருக்கும் தோத்திரம்.

நாங்கள் சுகம். பனி விழத் தொடங்கிவிட்டது.

ராய்ஸ் தினமும் வீடு வீடாகப் போகிறார். இந்த ஊரில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே கூப்பிடுகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள், அவர் பேசுவதை முழுசாகக் கேட்கிறார்கள். "ரொம்ப நல்லா சொன்னீங்க பாஸ்டர்" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வருவதில்லை.

போன வாரம் ஒரு போன் வந்தது. 'நாளை எங்கள் மூப்பர்கள் இருவர் உங்களைச் சந்திக்க வருகிறார்கள்' என்றார்கள். ராய்ஸ் ராத்திரியெல்லாம் வசனங்களுக்குக் குறிப்பெடுத்து, கலியாணக் கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டு காத்திருந்தார். கதவைத் திறந்தால், முகப்பரு மாறாத இரண்டு பையன்கள்! "வணக்கம் சார், நான் மூப்பர் ஹேன்காக்" என்றது ஒன்று. இவர்கள் ஊழியத்துக்குப் புறப்படும் பத்தொன்பது வயதுப் பையனையே மூப்பர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டு மூப்பர்களும் நான் சுட்ட ஆப்பிள் 'பை' பலகாரத்தை முழுசாகத் தின்றுவிட்டு, ராய்ஸை மார்மனாக்க ஒரு மணி நேரம் பாடுபட்டுப் போனார்கள்.

டெஸ்ஸாவுக்குப் பக்கத்து வீட்டு ரேலின்தான் உயிர். போன சனிக்கிழமை ரேலினுக்கு ஞானஸ்நானம். இவர்கள் பிள்ளைகளுக்கு எட்டு வயசு நிறைந்தால் முழுக்குத்தான், அதுதான் கணக்கு. பெற்ற அப்பாவே வெள்ளை உடுப்போடு தண்ணீரில் இறங்குகிறார். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொள்கிறது, அப்பா முக்கி எடுத்து அணைத்துக்கொள்கிறார். அப்புறம் கேக். டெஸ்ஸா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, எனக்கும் பிப்ரவரில எட்டு" என்றாள். நமக்கு வயசுக் கணக்கு கிடையாது, மனசில் விசுவாசம் வந்தால்தான் என்று சொல்லிவைத்தேன். தலையாட்டினாள்.

உங்கள் எல்லோருடைய ஜெபத்தையும் நாடும்,
டார்லா


ஹார்ட்லி
23 நவம்பர் 1987

அடியே,

நலம், நலம், நலம். அது கிடக்கட்டும்.

மூப்பர் கதைக்கு அத்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டெக்சாஸ்காரர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ராய்ஸ் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. சின்னப் பிள்ளையிலிருந்தே நீ இப்படித்தான். எங்கே வலிக்கிறதோ அதைவிட்டு மற்றதையெல்லாம் சொல்லுவாய்.

இனிமேல் எனக்கென்று தனித்தாளில் எழுது. அத்தான் கண்ணில் காட்டமாட்டேன், சத்தியம்.

நேடின்


ஆக்கர் பிளாட்
11 ஜனவரி 1988

அக்கா,

சபையில் வாசிக்க ஒரு தாள் தனியாக வைத்திருக்கிறேன். 'கர்த்தர் கதவுகளைத் திறந்துகொண்டிருக்கிறார்' என்று எழுதியிருக்கிறேன். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. இது உனக்கு மட்டும்.

டெக்சாஸ்காரர்கள் அக்டோபரிலேயே போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஆராதனைக்கு நானும் டெஸ்ஸாவும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ராய்ஸ் முழுப் பிரசங்கம் செய்கிறார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவர ஏத்துக்க விரும்புறவங்க முன்னால வாங்க" என்று அழைப்பும் கொடுக்கிறார். நான் பியானோவில் பாட்டு வாசிக்க வேண்டும். பாட்டு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. கண்ணைத் திறக்கவே மாட்டார். ஒரு ஞாயிறு என்னால் தாங்கவே முடியவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டு நானே எழுந்து முன்னால் போய் நின்றேன். காலடிச் சத்தம் கேட்டு அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! கண்ணைத் திறந்து பார்த்தார். "நீ ஏன்டி வந்த?" என்றார். நான் ஏன் அப்படிச் செய்தேன் அக்கா? செய்திருக்கவே கூடாது.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சவரம் இல்லை, பேச்சு இல்லை. எங்கள் வாசல் பனியை சோரன்சன்தான் தள்ளிவிடுகிறார். லவோன் தட்டு தட்டாகக் கொண்டுவந்து கொடுத்து, "பாஸ்டருக்கு உடம்புக்கு முடியலையா?" என்றாள். சளிக்காய்ச்சல் என்று பொய் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் போனதும் சொன்னார்: "ஒருத்தராவது என்னத் திட்டக்கூடாதா டார்லா? கல்லால அடிச்சா அப்போஸ்தலர் பவுல் மாதிரி எழுந்து நின்னிருப்பேன். இவங்க ரொட்டி குடுத்தே என்னக் கொன்னுடுவாங்க."

வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாக்களை எடுத்து மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். போன் செய்துவிடாதே. போன் சமையலறையில் இருக்கிறது, எல்லாம் அவர் காதில் விழும்.

டார்லா


ஹார்ட்லி
21 ஜனவரி 1988

என் செல்லமே,

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே சுகத்துக்கு என்ன குறை. நீ அங்கே தவிக்கும்போது என் முட்டியாவது மண்ணாவது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கமிட்டி தானாகவே கூடிவிட்டது. ஈஸ்டருக்குள் ஒரு ஞானஸ்நானமாவது ஆகாவிட்டால் அந்த ஊழியத்தை நிறுத்திவிடுவதாக முடிவு. அத்தான் நல்ல மனுஷன்தான், ஆனால் கமிட்டி அறைக்குள் நுழைந்துவிட்டால் வேறு ஆள். ராய்ஸுக்கும் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறார்.

நிறுத்தினால் நிறுத்தட்டும் டார்லா. வந்துவிடுங்கள். ஊர் ஆயிரம் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். தோற்றுப்போய் வந்தாலும் நீங்கள் எனக்கு முழுசாக வேண்டும்.

உன் அக்கா


ஆக்கர் பிளாட்
12 பிப்ரவரி 1988

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும் தோத்திரம். மூவரும் சுகம், நிஜமாகவே சுகம். இந்தக் கடிதத்தைச் சபையில் வாசிக்கலாம்.

அத்தானின் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து ராய்ஸ் ஒரு வாய் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டெஸ்ஸா போய் அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, என் பொறந்த நாளுக்கு எனக்கு ஞானஸ்நானம் குடுப்பியா?" என்றாள். யாரும் சொல்லிக் கேட்கவில்லை, அவளாகவே கேட்டாள்!

ராய்ஸ் எழுந்துவிட்டார். எழுந்து சவரம் செய்து, இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்கெங்கயோ தேடுனேன் டார்லா, நம்ம வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

21ஆம் தேதி ஞாயிறு மதியம். சோரன்சன் தன் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தருகிறார், சுடுதண்ணீரும் அவர்கள் வீட்டிலிருந்தே. ராய்ஸ் மறுபடி வீடு வீடாகப் போனார். எல்லோரும் வருகிறேன் என்கிறார்கள், இந்தத் தடவை நிஜமாக வருவார்கள் போலிருக்கிறது.

டெஸ்ஸாவை ராய்ஸ் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. தொட்டியில் இறங்கியதும் ஏன் எடுக்கிறாய் என்று எல்லார் முன்னிலையிலும் சாட்சி கேட்பார், அதுதானே நம் வழக்கம். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றியோடு,
டார்லா


ஹார்ட்லி
24 பிப்ரவரி 1988

அடி டார்லா!

சுகமா? சுகமாகத்தான் இருப்பீர்கள்! ஞாயிற்றுக்கிழமை உங்கள் மதிய நேரத்தைக் கணக்குப் பார்த்து இங்கே சபை முழுக்க எழுந்து நின்று ஜெபித்தோம். அத்தான், "யூட்டாவுல நம்ம முதல் ஆத்துமா!" என்றார். பெண்கள் கேக் செய்திருந்தார்கள், நீலக் க்ரீமில் டெஸ்ஸா பேர் எழுதி. கமிட்டி வாயே திறக்கவில்லை.

தண்ணீர் குளிர்ந்திருந்ததா? பிள்ளை என்ன சாட்சி சொன்னாள்? ராய்ஸ் அழுதாரா? ஒன்று விடாமல் எழுது. போட்டோ அனுப்பு.

ஆனந்தத்தோடு,
நேடின்


ஹார்ட்லி
16 மார்ச் 1988

டார்லா,

மூன்று வாரமாகத் தபால்காரரை வாசலிலேயே பிடித்துக் கேட்கிறேன். உன் பேச்சை மீறிப் போன் செய்தேன், இரண்டு தரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தரம் டெஸ்ஸா எடுத்தாள். "அம்மா குளிக்கிறாங்க பெரியம்மா" என்று வைத்துவிட்டாள். அந்தக் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன ஆனது? உயிரோடு இருக்கிறோம் என்றாவது ஒரு வரி எழுதடி.

அக்கா


ஆக்கர் பிளாட்
28 மார்ச் 1988

அக்கா,

நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சுகமாக இரு.

ஞானஸ்நானம் நடக்கவில்லை.

டயர் கடை நிரம்பி வழிந்தது. நாற்காலி போதாமல் அவர்கள் சபையிலிருந்து தூக்கி வந்து போட்டார்கள். சோரன்சனும் பிள்ளைகளும் பால் கேன்களில் சுடுதண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்பினார்கள். ராய்ஸ் வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அந்த முகத்தை நான் எங்கள் கலியாணத்தில்கூடப் பார்க்கவில்லை அக்கா.

டெஸ்ஸாவைத் தூக்கி உள்ளே இறக்கி, சத்தமாகக் கேட்டார்: "டெஸ்ஸா, நீ ஏன் ஞானஸ்நானம் எடுக்க விரும்புற? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் உதட்டை அசைத்தேன். 'இயேசு என் பாவங்களுக்காக மரித்தார், அவரை என் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டேன்.' ஒரு வாரம் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் அப்பா பக்கம் திரும்பி, கணீரென்று சொன்னாள்:

"எனக்கு எட்டு வயசு ஆயிடுச்சு."

அறை முழுக்கத் தலையாட்டியது. லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்களுக்கு அதுதான் சரியான பதில். அதைவிட நல்ல காரணம் ஒரு பிள்ளைக்கு என்ன இருக்க முடியும்?

ராய்ஸ் மெதுவாக, "வேற என்ன கண்ணு?" என்றார்.

"ரேலினுக்கு அவங்க அப்பா குடுத்தாரு. எனக்கு நீ குடு" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்குள் ஒன்று, முக்கிவிடு, முக்கிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று கத்தியது. அவருக்குத் தெரியும் அல்லவா. "இன்னிக்கு வேணாம் கண்ணு" என்று அவளைத் தூக்கி வெளியே விட்டுவிட்டார். தலை நனையவில்லை. மூக்கை விடாமலே அழுதாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சோரன்சன் பாவம், பதறிப்போய் எழுந்து, "பாஸ்டர், தண்ணி ஆறிப்போச்சா? இன்னும் ரெண்டு கேன் கொண்டாரட்டுமா?" என்றார். எல்லோரும் நான் செய்து வைத்திருந்த கேக்கை வாங்கிச் சத்தமில்லாமல் தின்றுவிட்டு, எனக்கு நன்றி சொல்லிப் போனார்கள்.

பிறகு உன் கடிதம் வந்தது. நீலக் க்ரீம், சபை எழுந்து நின்றது எல்லாம் படித்தேன். எப்படிப் பதில் எழுதுவேன் சொல்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், உன் அப்பா ஏன் மாட்டேன் என்றார், நீ என்ன தப்பு செய்தாய் என்று. அவள் அவரோடு ஒரு மாதமாகப் பேசாமலே இருந்தாள். போன வியாழக்கிழமை சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "அம்மா சொல்லிக் குடுத்தத சொல்லியிருந்தா குடுத்திருப்ப, இல்ல?"

"அம்மா என்ன சொல்லிக் குடுத்தா?"

ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். ராய்ஸ் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆமாம்மா, குடுத்திருப்பேன்" என்றார் அவளிடம். அவள் எழுந்து போன பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"அப்ப இந்தச் சபையில விசுவாசத்தோட ஒருத்தர்கூட இல்ல, டார்லா."

"உங்களுக்காகத்தான் செஞ்சேன்" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

நேற்று குருத்தோலை ஞாயிறு. சபையைத் திறக்கவில்லை. சட்டைகூட மாற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். சோரன்சன் கார் வாசலில் ஹாரன் அடித்தது. டெஸ்ஸா, "நான் ரேலினோட அவங்க சபைக்குப் போறேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞானஸ்நானத்துக்குத் தைத்த அந்த வெள்ளைக் கவுனைத்தான் போட்டிருந்தாள்.

கதவு வரை போனவள் திரும்பி வந்து, அவர் பக்கத்தில் நின்று, தோளைத் தொட்டாள். அந்த வியாழக்கிழமைக் கேள்வியைத் தவிர, ஒரு மாதத்தில் அவரோடு அவளாகப் பேசிய பேச்சு இதுதான்:

"அப்பா, நீயும் வாயேன். அங்க நெறைய பேர் இருப்பாங்க. உனக்குப் புடிக்கும்."

ராய்ஸ் சிரித்துவிட்டார். டெஸ்ஸாவும் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்க் காரில் ஏறினாள். கார் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவரால் அதை நிறுத்த முடியவில்லை என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

இப்போது தூங்குகிறார். நான் கதவுப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ வா அக்கா. அத்தான் வேண்டாம், கமிட்டி வேண்டாம், ஜெபிக்கிறோம் என்று எழுதவும் வேண்டாம். கடிதம் கிடைத்ததும் பஸ் ஏறி நீ வா.

டார்லா